நான்காம் வகுப்பு: வெள்ளிக்கிழமைத் தாளும் வீட்டுத் திருத்தங்களும்

பாசிக்காரி மகள் | ஜூன் 16, இரவு 9.10

வணக்கம். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், வடகடல் (பாக் விரிகுடா) ஓரத்தில் எங்கள் ஊர். மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். இந்த ஆண்டு புதிதாக வந்த டீச்சர் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை எல்லாப் பிள்ளைகளின் கையிலும் ஒரு தாள் வரும். மேல் பாதியில் ‘இந்த வாரம் படித்தது’. கீழ்ப் பாதியில் ‘வீட்டில் கேட்டு எழுதி வா’ என்று ஒரே ஒரு கேள்வி. திங்கட்கிழமை அதை எழுதித் திருப்பித் தர வேண்டும்.

முதல் தாள் சாண், முழம், பாகம். வகுப்பறையை ஆளாளுக்குச் சாணால் அளந்து ஆளுக்கொரு விடை சொல்லியிருக்கிறார்கள். அப்புறம்தான் ஸ்கேலை எடுத்தாராம் டீச்சர். வீட்டில் எதை எதனால் அளப்பீர்கள் என்பது கேள்வி. என் அம்மா, “கயிற்றுக்குப் பாகம், கடல் ஆழத்துக்குப் பாகம், பூவுக்கு முழம்” என்று சொல்லிவிட்டு, “பூக்காரி முழம் தனிக் கணக்கு, அதை எழுதாதே” என்றார். என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் விரித்துச் சுவரோடு நின்றார். கை விரித்த நீளமும் ஆள் உயரமும் ஏறக்குறைய ஒன்றாக வந்ததில் மகளுக்குத் தூக்கமே போய்விட்டது. அன்று இரவு ஆட்டுக்குட்டியைத் தவிர வீட்டில் எல்லோரையும் அளந்தாள்.

சிக்கல் இரண்டாவது தாளில். காற்றின் பெயர்கள். கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை, வடக்கே வாடை என்று பாடம். வீட்டுக் கேள்வி: ‘இப்போது உங்கள் ஊரில் எந்தக் காற்று வீசுகிறது?’ தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகும் வாரம், கரையில் காற்றைத் தவிர வேறு பேச்சில்லை. வீட்டுக்காரர் நாட்டுப்படகில் போகிறவர். ‘கச்சான்’ என்று எழுதச் சொன்னார். இன்று தாள் திரும்பி வந்திருக்கிறது. கச்சானைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் ‘கோடைக்காற்று’.

அவர் இன்னும் கோபத்தில் இருக்கிறார். பிள்ளை எதை எழுத வேண்டும்?

தென்கடல் | ஜூன் 16, இரவு 10.02

தங்கச்சி, உன் வீட்டுக்காரர் பாதிதான் சரி. நான் பெரியபட்டினம் பக்கம், முப்பது வருடம் கடலில் கிடந்தவன். இப்போது வீசுவது சோழகம். தென்மேற்கிலிருந்து வருகிறது. கச்சான் என்பது நேர் மேற்கு. உங்களுக்கு அது தரையைத் தாண்டி வருவதால் மேற்கு மாதிரித் தோன்றும்.

இந்த மாதத்தில் உங்கள் வடகடல் குளம் போலக் கிடக்கும், எங்கள் தென்கடல் (மன்னார் வளைகுடா) கரையை அறையும். ஐப்பசி கார்த்திகையில் வாடை தொடங்கினால் அப்படியே தலைகீழ். இதைத்தான் பெண் கடல், ஆண் கடல் என்கிறோம். அதையும் டீச்சரிடம் சொல்லுங்கள். தென்றல் என்று ஒரு காற்றை நான் கடலில் பார்த்ததே இல்லை.

ஓய்வு வாத்தியார் | ஜூன் 17, காலை 6.30

டீச்சர் கற்பித்த நான்கு பெயர்களும் பழைய இலக்கியப் பெயர்கள், அவற்றில் பிழை இல்லை. கச்சானும் சோழகமும் கடற்கரைத் தமிழ், அவற்றிலும் பிழை இல்லை. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் சோழகம், கச்சான் என்றே வழங்குகிறார்கள். (அங்கே நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். கடைக்காரரிடம் கச்சான் கேட்டால் பொட்டலம்தான் வரும்.)

ஆனால் சிவப்பு வட்டம் போட்டது தவறு. கேள்வியைப் படியுங்கள்: ‘உங்கள் ஊரில்.’ கேள்வியைக் கடற்கரைக்கு அனுப்பிவிட்டு விடையைப் புத்தகத்தில் தேடினால் எப்படி? முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன், நானும் இந்தத் தவறை நிறையச் செய்திருக்கிறேன். சண்டைக்குப் போகாமல், தாளின் பின்பக்கம் நான்கு திசையையும் வரைந்து, உங்கள் ஊர்ப் பெயர்களை எழுதி அனுப்புங்கள்.

வளைகுடாவாசி | ஜூன் 17, பகல் 1.15

இங்கே அரபு வளைகுடாவிலிருந்து எழுதுகிறேன். மன்னார் வளைகுடாவில், கீழக்கரையில் என் மகன் நான்காம் வகுப்பு. மன்னிக்கவும், நான் கொஞ்சம் கசப்பாகத்தான் பேசுவேன். என் வாப்பாவுக்கு எல்லாக் காற்றின் பெயரும் தெரியும். ஒரு விண்ணப்பம் நிரப்பத் தெரியாது. நான் இங்கே வந்து சேர்ந்த முதல் வருடம் ஓர் ஆங்கிலக் கடிதம் எழுத மூன்று பேரைக் கெஞ்சினேன்.

சாண், முழம், கச்சான் எல்லாம் வீட்டிலேயே தெரிந்துகொள்வார்கள் அக்கா. வீட்டில் கிடைக்காததைக் கொடுக்கத்தானே பள்ளிக்கூடம்? அந்தத் தாளில் எத்தனை ஆங்கிலச் சொல் இருக்கிறது, வகுத்தல் கணக்கு எந்த அளவில் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்.

ஓய்வு வாத்தியார் | ஜூன் 17, மாலை 5.40

தம்பி, நியாயமான கேள்வி. இன்றைய வகுப்பு எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் நீண்டது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பார்க்கச் சொல்கிறது. ஒரே வகுப்பில் எழுத்துக்கூட்டும் பிள்ளையும் இருக்கும், பத்தியாக வாசிக்கும் பிள்ளையும் இருக்கும். சாணால் அளப்பது மூன்று நிலைக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்கிற பாடம். அரும்பு எண்ணும், மொட்டு கூட்டும், மலர் ‘உன் விடையும் என் விடையும் ஏன் வேறு’ என்று கேட்கும்.

ராமேஸ்வரத்தில் கலாம் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்டினார் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அன்று மாலையே கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பறவைகளைக் காட்டினார். கலாமே பல மேடைகளில் சொன்னது இது.

வளைகுடாவாசி | ஜூன் 17, இரவு 8.05

வந்துவிட்டார்! நம் மாவட்டத்தில் எந்த விவாதமும் ஏழாவது பதிலுக்குள் கலாமிடம் போய் நிற்கும் என்று நண்பரிடம் பந்தயம் கட்டியிருந்தேன். ஐயா, அந்த வகுப்பில் அவரோடு உட்கார்ந்திருந்த மற்றவர்கள் என்ன ஆனார்கள்?

தென்கடல் | ஜூன் 17, இரவு 8.50

மற்றவர்களுக்கும் பறவை எப்படிப் பறக்கிறது என்று தெரிந்திருக்கும் தம்பி. அது போதாதா?

பாசிக்காரி மகள் | ஜூன் 23, இரவு 9.30

ஒரு வாரம் எழுத முடியவில்லை. வாத்தியார் ஐயா சொன்னபடி பின்பக்கம் திசை வரைந்து அனுப்பினோம். தென்கடல் அண்ணன் சொன்ன சோழகத்தையும் சேர்த்தோம், வீட்டுக்காரருக்குப் பிடிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமைத் தாளில் டீச்சர் இரண்டு பத்தியாகப் போட்டுவிட்டார்: ‘நூலில் வழங்கும் பெயர்’, ‘நம் கடற்கரையில் வழங்கும் பெயர்’. வட்டம் போட்டதற்கு வருத்தம் ஒன்றும் எழுதவில்லை. பரவாயில்லை.

வளைகுடாத் தம்பிக்கு: தாளின் ஓரத்தில் ஆங்கிலச் சொற்கள் எட்டு இருந்தன. மகளுக்கு ஐந்து சரியாக வந்தது. வகுத்தல் இன்னும் தொடங்கவில்லை.

மூன்றாவது தாள் தண்ணீர். நல்ல தண்ணீரில் முட்டை மூழ்கும், உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் மேலே வரும். நம் வீட்டில் முட்டை வாங்கும் செலவு கூடியதைத் தவிர இதில் விசேஷம் இல்லை என்று நினைத்தேன். ஆனால் அடுத்ததாக ஒன்று செய்திருக்கிறார். கண்ணாடிக் குவளையில் உப்புத்தண்ணீர், அதன்மேல் நீல மை கலந்த நல்ல தண்ணீரைக் கரண்டி வழியாக மெல்ல விட்டால் கலக்காமல் மேலேயே நிற்கிறது. ‘கடலோரத்தில் நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும்?’ என்பது கேள்வி. மகள் ‘காவிரித் தண்ணீர்க் குழாயில்’ என்று எழுதிவிட்டாள். அதுவும் தப்பில்லைதான்.

தென்கடல் | ஜூன் 23, இரவு 10.15

தனுஷ்கோடி ஊற்றைச் சொல்லியிருக்கலாமே. இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல். கையால் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும், கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடம் நிரப்புவார்கள். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனத்த உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது. குவளையில் நீலம் மிதந்ததும் இதுவும் ஒன்றுதான். 1964 டிசம்பர் புயலில் ஊரே போனபிறகும் அங்கே ஆட்கள் இருந்து பிழைத்தது அந்த ஊற்றை நம்பித்தான். மோட்டார் வைத்து உறிஞ்சினால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும், எங்கள் பக்கம் தென்னந்தோப்புக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

தொண்டி டீச்சர் | ஜூன் 24, இரவு 9.45

இந்த இழையை ஒரு வாரமாகப் படிக்கிறேன். நானும் தொடக்கப் பள்ளி ஆசிரியைதான். நீங்கள் எல்லோரும் அந்த டீச்சரைப் பாராட்டுகிறீர்கள், எனக்கும் பொறாமையாக இருக்கிறது. ஆனால் எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்குப் போனால் அன்று ஐந்து வகுப்பும் ஒருத்திக்கு. காலை உணவு, பதிவேடு, செல்பேசிச் செயலியில் ஏற்றுவது என்று போக, முட்டை மிதக்கவிட எனக்கு எப்போது நேரம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருடம் நானும் ‘வீட்டில் கேட்டு வா’ என்று அனுப்பினேன். பத்து மீன் பெயர், அப்பாவிடம் கேட்டு எழுத வேண்டும். ஒரு பையன் வெற்றுத் தாளைக் கொண்டுவந்தான். அவன் அப்பா கேரளாவில் கட்டட வேலை. இன்னொரு பிள்ளையின் அப்பா எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அப்போது இலங்கைச் சிறையில் இருந்தார். “அப்பா வந்த பிறகு எழுதுகிறேன் டீச்சர்” என்றாள் அவள். அந்தக் கேள்வியை நான் ஏன் அனுப்பினேன் என்று பல நாள் உறுத்தியது. அப்புறம் அந்த மாதிரி வீட்டுப்பாடமே கொடுக்கவில்லை.

பாசிக்காரி மகள் | ஜூன் 24, இரவு 10.20

டீச்சர், இதைப் படித்தபிறகு உடனே பதில் எழுத வரவில்லை. என் அப்பாவும் நான் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது கடலில் போனவர். என்னிடம் யாராவது அப்பாவைக் கேட்டு எழுதச் சொல்லியிருந்தால் நான் அம்மாவைக் கேட்டிருப்பேன், அவருக்கு மீனைவிடக் கடல்பாசி நன்றாகத் தெரியும். ‘அப்பாவிடம்’ என்று போடாமல் ‘யாரிடமாவது’ என்று போட்டிருந்தால்? பஸ் கண்டக்டரிடம், டீக்கடையில், வலை பின்னும் தாத்தாவிடம்.

தொண்டி டீச்சர் | ஜூன் 24, இரவு 10.41

இருக்கலாம். ஆனால் நேரம் எங்கிருந்து வரும் என்பதற்கு இது பதில் இல்லை அம்மா.

பாசிக்காரி மகள் | ஜூன் 28, காலை 7.20

நேற்று வந்த தாளைப் பார்த்ததிலிருந்து வீட்டில் ஒரே கலவரம். தாளில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: ‘நிலவும் சூரியனும் ஈர்ப்பதால் கடலில் ஏற்றவற்றம் உண்டாகிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் மட்டம் உயரும்.’

அம்மா இதை வாசிக்கக் கேட்டதும் சிரித்துவிட்டார். அவர் பாசி எடுக்கப் போகிறவர். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள், அவ்வளவுதான் கடலில் இறங்குவார், நடுவில் வலை பின்னுவார். ஏனென்றால் அந்த நாட்களில்தான் கடல் நன்றாக வற்றும், பாறை வரை நடந்து போகலாம். புதன்கிழமை அமாவாசை, நேற்று வரை போய்விட்டு வந்திருக்கிறார். “அன்றைக்குக் கடல் உயரும் என்றால் நான் எடுத்து வந்த பாசி எந்தக் கடலில் முளைத்தது?” என்கிறார்.

மகள் ஒரு பக்கம் டீச்சர், ஒரு பக்கம் அம்மாச்சி என்று நடுவில் நிற்கிறாள். யார் சரி?

தென்கடல் | ஜூன் 28, காலை 8.00

உன் அம்மா சரி.

ஓய்வு வாத்தியார் | ஜூன் 28, காலை 9.10

இருவரும் சரி. தாள்தான் பாதி சொல்லியிருக்கிறது. அமாவாசையில் சூரியனும் நிலவும் ஒரே பக்கம், பௌர்ணமியில் எதிரெதிர்ப் பக்கம். இரண்டிலும் பூமியோடு ஒரே கோட்டில் நிற்பதால் ஈர்ப்பு சேர்ந்துகொள்கிறது. அப்போது ஏற்றம் அதிகமாக ஏறும், அதே நாளில் வற்றமும் அதிகமாக வற்றும். ஊஞ்சலை வேகமாக ஆட்டினால் முன்பக்கம் மட்டுமா உயரும்? அட்டமியை ஒட்டி இருவரும் செங்கோணத்தில் இழுப்பதால் ஏறுவதும் குறைவு, வற்றுவதும் குறைவு.

டீச்சர் ஏற்றத்தைப் பார்த்தார், உங்கள் அம்மா வற்றத்தைப் பார்த்தார். பிள்ளையை நடுவில் நிற்கவைக்காமல் ஒரு கம்பைக் கடலில் நிறுத்துங்கள். அடுத்த பௌர்ணமி ஜூலை 10. அதுவரை தினம் எங்கே ஏறியது, எங்கே வற்றியது என்று குறிக்கட்டும். பெரியவர் யாராவது கூட இருக்க வேண்டும், தனியாக விடாதீர்கள்.

வளைகுடாவாசி | ஜூன் 28, பகல் 12.30

இது சுவாரசியம்தான், ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் ஏற்றம் மட்டும்தான் பாடத்தில் நினைவிருக்கிறது.

பாசிக்காரி மகள் | ஜூலை 12, இரவு 8.40

கம்பு கதை. படகுத்துறைத் தூணில் வீட்டுக்காரர் நூல் கட்டினார். ஏற்றத்துக்குச் சிவப்பு, வற்றத்துக்கு நீலம். மகள் நடுவில் இருக்கும் இடைவெளியைச் சாணால் அளந்து நோட்டில் எழுத வேண்டும். (முதல் தாள் வீண் போகவில்லை பாருங்கள். ஆனால் யார் சாண் என்று தகராறு வந்து, கடைசியில் அம்மாச்சி சாண் என்று முடிவானது.)

இரண்டு நாள் விட்டுப்போனது. ஒரு ஞாயிறு கொடைக்குப் போய்விட்டோம், ஒரு நாள் நூலை ஆடு தின்றுவிட்டது. இரவு வற்றத்தை யாரும் பார்க்கவில்லை. மற்றபடி நோட்டில் இருப்பது இது. தொடங்கிய அன்று, அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், இரண்டு சாணுக்கு இரண்டு விரற்கடை குறைவு. அப்புறம் சுருங்கிக்கொண்டே வந்து ஜூலை 3இல் ஒரு சாண்கூட இல்லை. மகள், “கடலுக்கு உடம்பு சரியில்லை” என்றாள். பிறகு திரும்பவும் வளர்ந்து, நேற்று இரண்டு சாணும் நான்கு விரற்கடையும். பௌர்ணமி நேற்று முன்தினம்தான், ஆனால் நேற்றுத்தான் இடைவெளி அதிகம். அது ஏன் ஐயா?

இன்னொன்று அவளாகவே கண்டுபிடித்தாள். தினமும் ஒரே நேரத்தில் போனால் ஏற்றத்தைப் பிடிக்க முடியவில்லை. முந்தின நாளைவிட முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிந்துகிறது. அம்மாவிடம் கேட்டதற்கு, “நிலா தினம் இரண்டு நாழிகை பிந்தும், தண்ணீர் அதன் பின்னாலேயே போகும்” என்றார். நாழிகை என்றால் என்ன என்று எனக்கே சரியாகத் தெரியாது.

ஓய்வு வாத்தியார் | ஜூலை 12, இரவு 9.25

ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். இரண்டு நாழிகை 48 நிமிடம். புத்தகங்கள் சுமார் 50 நிமிடம் என்று போடும். உங்கள் அம்மாவுக்கும் புத்தகத்துக்கும் வித்தியாசம் இரண்டே நிமிடம். வளைகுடாத் தம்பி வகுத்தல் கேட்டார் அல்லவா, 24 மணி நேரத்தை 60ஆல் வகுக்கச் சொல்லுங்கள்.

பௌர்ணமிக்கு மறுநாள் அதிகம் என்பது சரியான பார்வை. நிலவு இழுத்தவுடன் இத்தனை தண்ணீரும் ஓடிவந்துவிடாது, ஒன்றிரண்டு நாள் பிந்தும். அந்தச் சிறுமி அதைக் குறித்து வைத்ததற்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

நம் கரையில் ஏற்றவற்றம் சாண் கணக்கில்தான். குஜராத்தில் பாவ்நகர் பக்கம் 10 மீட்டர் வரை போகும். அங்கே இந்தத் தூண் முழுகியே போயிருக்கும்.

தென்கடல் | ஜூலை 12, இரவு 9.50

காற்றையும் கணக்கில் சேருங்கள். சோழகம் பலமாக அடித்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். நிலா மட்டும் முதலாளி இல்லை.

பாசிக்காரி மகள் | ஜூலை 12, இரவு 10.05

டீச்சர் நோட்டை வாங்கி வகுப்பில் வாசிக்கவைத்தார். தாளையும் திருத்திவிட்டார். ‘உயரும்’ என்பதை அடித்து, ‘அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும்’ என்று அவரே எழுதியிருக்கிறார். இந்த முறை திருத்தியதும் சிவப்பு மையில்தான்.

நடுவில் வந்த உப்புத் தாளைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். அரை லிட்டர் கடல்நீரை எவர்சில்வர் தட்டில் ஊற்றி மாடியில் வைத்தோம். நான்கு நாளில் வெள்ளையாகப் படிந்தது. மளிகைக் கடைத் தராசில் 18 கிராம். டீச்சர் லிட்டருக்கு 35 கிராம் வரும் என்று சொல்லியிருந்தாராம், ஏறக்குறைய சரி. ஆனால் டப்பாவில் போட்டு வைத்தது இரண்டு நாளில் கசிந்து ஈரமாகிவிட்டது. நாக்கில் வைத்தால் கசக்கிறது. என்ன தப்பு செய்தோம்?

உப்பளத்தான் | ஜூலை 13, காலை 5.50

வாலிநோக்கத்திலிருந்து. இங்கே அரசு உப்புக் கழகத்தின் உப்பளம் இருக்கிறது, தனியார் பாத்திகளும் உண்டு.

தப்பு ஒன்றும் இல்லை. கடைசிச் சொட்டு வரை காயவிட்டீர்கள், அதுதான். கடல்நீரில் சமையல் உப்பு மட்டும் இல்லை, மக்னீசிய உப்புகளும் உண்டு. அவைதான் கசக்கும், காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். நாங்கள் டிகிரி பார்ப்போம், சூட்டை இல்லை, உப்புத்தண்ணீரின் அடர்த்தியை. கடல்நீர் 3 டிகிரிக்குச் சற்று மேல். பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடும்போது முதலில் ஜிப்சம் படியும், அது தனியாகப் போகும். 25 டிகிரி தொட்டால் உப்பு விழும். 29, 30 வந்ததும் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிடுவோம், அதுதான் கசப்பு நீர். அடுத்த முறை தட்டில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும்போதே வடித்துவிடுங்கள். கசப்பு குறையும்.

கைப்பிடி உப்புக்காக நான்கு நாள் காத்திருந்த பிள்ளைக்கு, வரப்பில் வெறுங்காலோடு நிற்பது எப்படி இருக்கும் என்றும் சொல்லுங்கள்.

வளைகுடாவாசி | ஜூலை 13, இரவு 9.00

உப்பளத்து அண்ணன் சொன்னதை என் மகனுக்கு செல்பேசியில் வாசித்துக் காட்டினேன். அவன் பள்ளியில் ‘கடல்நீர் ஆவியாகி உப்பு கிடைக்கிறது’ என்று ஆங்கிலத்தில் ஒரே வரி மனப்பாடம். ஏன் கசக்கிறது என்று கேட்டான், எனக்குச் சொல்லத் தெரிந்தது. என் கருத்தை மாற்றிக்கொண்டேன் என்று யாரும் எழுத வேண்டாம். ஆங்கிலம் வேண்டும் என்பதில் அப்படியே நிற்கிறேன்.

பாசிக்காரி மகள் | ஜூலை 19, இரவு 9.15

வியாழக்கிழமை என் அம்மா பள்ளிக்கூடம் போனார். மாணவியாக ஒரு நாளும் போகாதவர்.

‘கடலிலிருந்து மீன் தவிர வேறு என்ன கிடைக்கும்?’ என்று போன வாரக் கேள்வி. மகள் பாசி என்று எழுத, டீச்சர் அம்மாச்சியை அழைத்து வரச் சொல்லிவிட்டார். (ஒரு பையன் கடல் அட்டை என்று எழுதினானாம். அது 2001 முதல் பாதுகாக்கப்பட்ட உயிரினம், பிடித்தால் வழக்கு. அவன் அப்பா மாலையில் அவசரமாக வந்து, “என் தாத்தா காலத்துக் கதை டீச்சர்” என்று விளக்கிவிட்டுப் போனார்.)

அம்மா நான்கு பாசி கொண்டுபோனார். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடா. கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றிக் காட்டினார். பாறையில் கை வைத்தால் கிழித்துவிடும், அதற்குத்தான் துணி. மேசையில் தண்ணீர் சொட்டியது, யாரும் கண்டிக்கவில்லை. மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அகார் எடுக்க, கட்டக்கோரையும் பக்கோடாவும் ஆல்ஜினேட் எடுக்க என்று டீச்சர் கரும்பலகையில் எழுதினார். இரண்டும் உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பொருள்கள். அகார் ஐஸ்கிரீமில்கூடச் சேரும் என்றதும் வகுப்பே அம்மாவை ஐஸ்கிரீம் வியாபாரி போலப் பார்த்ததாம். இத்தனை வருடமாக எடுத்துக்கொண்டிருப்பவருக்கும் அது புதுச் செய்தி.

“பாசிக்கு வேர் எங்கே?” என்று ஒரு பிள்ளை கேட்டது. அம்மா, “வேர் இல்லை, பிடிப்புத்தான். பிடிப்போடு பறித்தால் அடுத்த முறை முளைக்காது, மேலே மட்டும் எடுக்க வேண்டும்” என்றார். டீச்சர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டதை அம்மா வீட்டுக்கு வந்து நான்கு முறை சொன்னார்.

தொண்டி டீச்சர் | ஜூலை 19, இரவு 10.30

நானும் ஒன்று செய்தேன். தாள் எல்லாம் இல்லை. பிள்ளைகள் வரும் வழியில் யாரிடமாவது ஒரு சொல் கேட்டு வர வேண்டும், காலை வழிபாடு முடிந்ததும் கரும்பலகை ஓரத்தில் எழுத வேண்டும். ஐந்து நிமிடம். முதல் நாள் ஒருவன் டீக்கடையில் கேட்டதாகச் சொன்ன சொல்லை எழுத முடியவில்லை, அழித்துவிட்டேன். இரண்டாம் நாள் ‘நீவாடு’ வந்தது. கடல் நீரோட்டம். எனக்குத் தெரியாத சொல்.

பாசிக்காரி மகள் | ஜூலை 19, இரவு 10.50

டீச்சர், அந்த முதல் சொல் என்ன என்று தனியாகச் சொல்லுங்கள்!

இந்த வாரத் தாளில் கேள்வி: ‘வரும் வியாழன் ஆடி அமாவாசை. அன்று பகலில் கடல் எத்தனை மணிக்கு அதிகமாக வற்றும்? கணக்குப் போட்டு எழுது. பிறகு போய்ப் பார்.’ மகள் 48 நிமிடத்தை வைத்து ஒரு நேரம் சொல்கிறாள். வீட்டுக்காரர் ஒரு நேரம். அம்மா விரலை மடக்கி எண்ணி ஒரு நேரம். மூன்றையும் நாட்காட்டியில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

தென்கடல் | ஜூலை 20, காலை 6.10

உன் அம்மா நேரம்தான்.

பாசிக்காரி மகள் | ஜூலை 24, இரவு 8.20

கரை முழுக்கத் தர்ப்பணக் கூட்டம், தூணுக்குப் போய்ச் சேரவே சிரமமாக இருந்தது. மகள் மட்டும் சாமியைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூவருமே தவறு. வீட்டுக்காரர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தவறு, மகள் 35 நிமிடம், அம்மா 20 நிமிடம். “சோழகம் பிடித்து வைத்துவிட்டது” என்று அம்மா காற்றின் மேல் பழி போட்டார்.

தாளில் அப்படியே எழுதியிருக்கிறாள்: ‘அம்மாச்சி 20 நிமிடம் தவறு. காரணம் சோழகம்.’ கீழே கையெழுத்துப் போடும் இடத்தில் அம்மா கட்டைவிரலை வைத்தார்.